பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது: புது டிஸ்க் போட்டும் 4,000 கிலோமீட்டரில் திரும்பி வந்துவிட்டது

விருதம்பட்டு

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது ஒன்பது ஆண்டுகள் ஓடிய சிறிய பெட்ரோல் கார். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். காட்பாடியிலிருந்து வாரம் ஒருமுறை வாணியம்பாடி வரை சென்று திரும்புகிறேன். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை நெருங்கும்போது 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக்கை மெதுவாக அழுத்தினால் ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதறத் தொடங்கி, வேகம் 50-க்குக் கீழே இறங்கியதும் தானாகவே அடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் பெடலும் பாதத்தை உள்ளிருந்து யாரோ தட்டுவதைப் போல் துடிக்கிறது. பிரேக்கைத் தொடாமல் ஓட்டினால் 100-லும் வண்டி ஆடாமல் போகிறது.

ஏழு மாதங்களுக்கு முன்பு இதே தொல்லைக்காக ஒரு பட்டறையில் காட்டினேன். "டிஸ்க் பெண்டு ஆகிவிட்டது" என்று சொல்லி, இரண்டு முன் டிஸ்க்கையும் அவற்றைக் கவ்விப் பிடிக்கும் பேடுகளையும் மாற்றினார்கள். ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. முதல் இரண்டு மாதங்கள் வண்டி புதுவண்டியாகவே ஓடியது. பிறகு சிறிதாக ஆரம்பித்து, ஏறத்தாழ 4,000 கிலோமீட்டரில் பழைய உதறல் முழுமையாகத் திரும்பிவிட்டது. மறுபடியும் அதே பட்டறைக்குப் போனால் மறுபடியும் "பெண்டு" என்கிறார்கள், மறுபடியும் புது டிஸ்க் வாங்கச் சொல்கிறார்கள். நான் ஓட்டும் விதத்தில் ஏதேனும் பிழை இருக்கிறதா, அல்லது வேறு எதையோ பார்க்காமல் விட்டுவிட்டோமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வாலாஜா தம்பி

அண்ணா, எனக்கும் 90-இல் ஸ்டியரிங் ஆடியது. டயர் கடையில் பேலன்சிங் செய்து, சக்கரத்தில் ஈயத் துண்டு ஒட்டியதும் சரியாகிவிட்டது. முதலில் அதைச் செய்து பாருங்கள், முந்நூறு நானூறு ரூபாயில் முடிந்துவிடும்.

ஆம்பூர் டிரைவர்

தம்பி சொல்வது வேறு நோய். பேலன்சிங் கெட்ட சக்கரம் பிரேக்கைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் அந்த வேகத்தில் ஆடும். இவருடைய வண்டி பிரேக் பிடித்தால் மட்டுமே ஆடுகிறது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்.

ஐயாவிடம் சில கேள்விகள். உதறல் கையில் அதிகமாகத் தெரிகிறதா, உட்கார்ந்திருக்கும் சீட்டில் அதிகமாகத் தெரிகிறதா? பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தியவுடன் ஒரு சக்கரம் மட்டும் அதிகச் சூடாக இருக்கிறதா? மலைப்பாதையில் அடிக்கடி இறங்குகிறீர்களா? நீங்கள் சொல்லும் துடிப்பு மெதுவான பிரேக்கிலேயே வருவதால் அது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யும் துடிப்பு அல்ல. அது பெரும்பாலும் திடீரென்று முழு வலுவோடு மிதிக்கும்போதோ, சக்கரம் மணலில் வழுக்கும்போதோதான் வரும், வேகமான கடகடப்பாக இருக்கும்.

விருதம்பட்டு

கையில்தான் அதிகமாகத் தெரிகிறது. பக்கத்தில் உட்காரும் என் மனைவி டாஷ்போர்டும் அதிர்வதாகச் சொல்கிறார். பின்சீட்டில் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு பக்கமும் இழுக்கவில்லை. நேற்று வாணியம்பாடியில் நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல் உள்ளங்கையை அருகே மட்டும் காட்டிப் பார்த்தேன். இரண்டு முன் சக்கரங்களும் ஒரே அளவு சூடாகத்தான் இருந்தன. ஏலகிரிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை போவோம், அவ்வளவுதான்.

குடியாத்தம் ஆசிரியை

என் வண்டியில் இது சீட்டில் தெரிந்தது, ஸ்டியரிங்கில் ஒன்றுமே இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் முன் டிஸ்க்கை மாற்றிப் பணத்தை விட்டேன் என்பதால் இங்கே எழுதுகிறேன். கோடை விடுமுறை முழுவதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு வண்டியை நிறுத்தி வைத்திருந்தேன். நிறுத்துவதற்கு முன் நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவியும் இருந்தேன். பின் டிரம்மில், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ ஒட்டியிருந்த இடம் ஒரு மாதிரியும், மற்ற இடம் துருப்பிடித்து வேறு மாதிரியும் ஆகிவிட்டது.

கண்டுபிடித்த முறை எளிது. யாருமில்லாத நேரான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில், ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே, கால் பிரேக்கைத் தொடாமல், ஹேண்ட் பிரேக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். பொத்தானை விட்டுவிட்டால் அது பூட்டிக்கொள்ளும், அது ஆபத்து. இழுக்கும்போது அதிர்வு வந்தால் குற்றம் பின் டிரம்மில் இருக்கிறது. வராவிட்டால் முன்பக்கம் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது என்பதால் இந்தச் சோதனை பலிக்கிறது. மின்சாரப் பொத்தானில் இயங்கும் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டியில் இதைச் செய்ய வேண்டாம்.

விருதம்பட்டு

ஆசிரியை அவர்களுக்கு நன்றி. இன்று காலை சித்தூர் சாலையில் செய்து பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கில் எந்த அதிர்வும் இல்லை. குற்றம் முன்பக்கம் என்பது உறுதி.

சத்துவாச்சாரி லேத்

முப்பது ஆண்டுகளாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மாதத்தில் பத்துப் பதினைந்து டிஸ்க் கடைசல் பிடிப்பதற்காக, அதாவது லேத்தில் சுழற்றி முகத்தைச் சமமாகச் சீவுவதற்காக, என்னிடம் வருகின்றன. "பெண்டு" என்ற சொல் நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லோர் வாயிலும் இருப்பதால், அதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். வார்ப்பிரும்பு டிஸ்க் தட்டு நெளிவதைப் போல நெளிவது மிக அரிது. உங்கள் கையில் உதறலாக வருவது பெரும்பாலும் டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாததுதான். கனமான இடம் பேடுகளுக்கு நடுவே வரும்போது, பேடுகளை அழுத்தும் காலிபரின் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படுகிறது, மெலிந்த இடம் வரும்போது முன்னுக்கு வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிரேக்கின் பிடி கூடிக் குறைகிறது. அந்தத் தள்ளல் பிரேக் எண்ணெய் வழியாக உங்கள் பாதத்துக்கும், பிடியின் ஏற்ற இறக்கம் ஸ்டியரிங் வழியாக உங்கள் கைக்கும் வருகிறது. இதற்கு 0.02, 0.03 மில்லிமீட்டர் வேறுபாடே போதும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினாலும் தெரியாது.

90-லிருந்து 60 வரை ஏன் அதிகம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உங்கள் அளவு வண்டியின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.95 மீட்டர் ஓடும். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். அதாவது நொடிக்குப் பதின்மூன்று சுற்று. 60-இல் எட்டரை சுற்று. ஸ்டியரிங்கும் முன் சஸ்பென்ஷனும் தாமாகவே ஊசலாட விரும்பும் வேகம் பல வண்டிகளில் இந்த எல்லைக்குள்தான் விழுகிறது. ஊஞ்சலை அது வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் எப்படிப் பெரிதாக ஆடுமோ அப்படி இங்கே சிறிய குறை பெரிதாகிறது.

இப்போது உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். புது டிஸ்க் போட்டதும் நன்றாக ஓடி, நாலாயிரம் கிலோமீட்டரில் குறை திரும்பியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடைவெளிதான் நோயைக் காட்டிக் கொடுக்கிறது. புது டிஸ்க்கின் கனம் சுற்றிலும் சரியாக இருந்திருக்கிறது, ஆனால் அது, டிஸ்க்கையும் சக்கரத்தையும் தாங்கிச் சுற்றும் நடுப்பாகமான ஹப்பின் மேல் நேராக உட்காரவில்லை. சாய்ந்து உட்கார்ந்த டிஸ்க் சுற்றும்போது இடமும் வலமும் ஆடும். பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் ஒரே இடம் பேடில் உரசிக்கொண்டே போகும். அந்த உரசலில் அந்த இடம் மட்டும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் சிறிது சிறிதாக மெலியும். மெலிந்த பிறகுதான் உங்களுக்கு உதறல் தெரியும். டிஸ்க்கை மட்டும் மாற்றினால் இன்னொரு நாலாயிரம் கிலோமீட்டரில் திரும்ப இங்கேதான் வந்து எழுதுவீர்கள்.

டிஸ்க் சாய்ந்து உட்காரக் காரணம், பழைய வண்டிகளில், ஹப் முகத்தில் இருக்கும் துரு. ஹப் முகம் 14 சென்டிமீட்டர் அகலம், டிஸ்க் 25 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பின் ஒரு ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் கனத்தில், அதாவது மெல்லிய தலைமுடி அளவுக்கு, துருச் செதில் இருந்தால், டிஸ்க்கின் விளிம்பில் அது 0.09 மில்லிமீட்டர் ஆட்டமாகப் பெருகும். பல உற்பத்தியாளர்கள் அனுமதிக்கும் ஆட்டம் 0.05 முதல் 0.10 வரைதான். உங்கள் வண்டி எப்போதாவது தண்ணீரில் நின்றதுண்டா?

விருதம்பட்டு

நின்றது, ஐயா. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி, சக்கரத்தின் பாதி வரை இரண்டு நாள் மூழ்கியிருந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை என்பதால் அப்போது கழுவிவிட்டதோடு சரி. சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆம்பூர் டிரைவர்

லேத் ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இன்னொரு காரணத்தையும் தள்ளிவிட வேண்டாம். பத்தொன்பது ஆண்டுகளாக ஏலகிரிக்கும் சவ்வாது மலைக்கும் சவாரி ஓட்டுகிறேன். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் மூன்றாவது, நான்காவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குபவர்கள், அடிவாரத்தில் தேநீர் குடிக்க நிறுத்தும்போது காலைப் பெடலிலிருந்து எடுப்பதில்லை. பேடு, கொதிக்கும் டிஸ்க்கை ஒரே இடத்தில் கவ்விக்கொண்டு நிற்கிறது. பேடின் பொருள் அந்த இடத்தில் படலமாக ஒட்டிக்கொள்கிறது. பேடின் வடிவத்திலேயே கருநீலத் திட்டு ஒன்று டிஸ்க்கில் தெரியும். அதன் பிறகு அந்தத் திட்டு வரும்போதெல்லாம் பிடி மாறும்.

எவ்வளவு சூடு என்று கேட்பீர்கள். 1,100 கிலோ வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் அந்த ஆற்றல் முழுவதும் எங்காவது போயாக வேண்டும். அதைப் பிரேக்கே தாங்கினால், மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு டிஸ்க்கிலும் டிரம்மிலும் ஏறும். மலையோ பல நூறு மீட்டர். ஆகவே ஏறிய கியரிலேயே இறங்குங்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளட்டும். அடிவாரம் வந்ததும் உடனே நிறுத்தாமல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிக் காற்று படவிடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுவதை நான் பல முறை தடுத்திருக்கிறேன். அது டிஸ்க்கில் விரிசல் விழ வழி செய்யும்.

விருதம்பட்டு

நேற்று சனிக்கிழமை லேத் ஐயாவின் பட்டறைக்கு நேரில் போனேன். என்ன நடந்தது என்பதை இதே தொல்லையில் இருப்பவர்களுக்காக முழுமையாக எழுதுகிறேன்.

முதலில் அவர் டிஸ்க்கைத் தொடவே இல்லை. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். மேலும் கீழும் ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட், பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராடு முனை என்று விளக்கினார். எதிலும் ஆட்டமில்லை. லோயர் ஆர்ம் புஷ்ஷைக் கம்பியால் நெம்பிப் பார்த்தார், ரப்பர் கிழியவில்லை. காலிபர் வழுக்கி நகர உதவும் இரண்டு சறுக்குப் பின்களையும் கையால் தள்ளினார். இடப்பக்கத்தில் ஒன்று சற்று இறுக்கமாக இருந்தது. அதில் யாரோ சாதாரண பேரிங் கிரீஸைத் தடவியிருந்தார்கள், உள்ளே இருக்கும் ரப்பர் உப்பியிருந்தது. அதைத் துடைத்து, ரப்பரை மாற்றி, சிலிக்கான் கிரீஸ் வைத்தார்.

பிறகு சக்கரத்தைக் கழற்றி, அதே நட்டுகளை வாஷர் வைத்துப் பூட்டி டிஸ்க்கை ஹப்போடு இறுக்கினார். காந்தத் தாங்கியில், நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, அதன் முனையை டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தொட வைத்தார். டிஸ்க்கை என் கையாலேயே சுற்றச் சொன்னார். ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். நான் சுற்றச் சுற்ற முள் இரண்டாவது கோட்டிலிருந்து மெல்ல ஏறிப் பதின்மூன்றில் நின்று, மறுபடியும் இறங்கியது. 0.11 மில்லிமீட்டர். முள் உச்சத்தில் நின்ற இடத்தில் டிஸ்க்கிலும் அருகிலிருந்த போல்ட்டிலும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். டிஸ்க்கைக் கழற்றி, ஒரு போல்ட் தள்ளி மாட்டி, மறுபடியும் சுற்றச் சொன்னார். உச்சம் டிஸ்க்கோடு நகரவில்லை, அதே போல்ட்டுக்கு அருகிலேயே நின்றது. "டிஸ்க்கில் கோணல் இருந்தால் உச்சம் டிஸ்க்கோடு போயிருக்கும். இது ஹப்போடு நிற்கிறது, பாருங்கள்" என்றார்.

டிஸ்க்கை எடுத்த பிறகு ஹப் முகத்தை விளக்கொளியில் பார்த்தேன். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே, பிளந்த மிளகின் அளவில், காவி நிறத்தில் ஒரு துருப்படை. அதன் மேற்புறம் அழுந்தி அழுந்திக் கறுத்துப் பளபளத்தது. டிஸ்க்கின் பின்புறத்தில் அதற்கு நேரே அதே வடிவத்தில் ஒரு கறுப்புத் தடம் இருந்தது. ஏழு மாதங்களுக்கு முன்பு புது டிஸ்க் மாட்டியவர் ஒரு நிமிடம் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்திருந்தால் இது போயிருக்கும். அதை நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் வலித்தது.

மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் கனம் அளந்தார். இடப்பக்க டிஸ்க்கில் அதிகத்துக்கும் குறைவுக்கும் வேறுபாடு 0.03 மில்லிமீட்டர். வலப்பக்கத்தில் ஹப் ஆட்டம் 0.06, கனத்தில் வேறுபாடு அநேகமாக இல்லை. இரண்டு ஹப் முகத்தையும் கம்பிப் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, விரல் நகத்தால் தடவி, எங்கும் தட்டாத வரை சுத்தம் செய்தார். டிஸ்க் புதிது என்பதால் கனம் போதுமானதாக இருந்தது. இரண்டையும் லேத்தில் மெலிதாகக் கடைந்தார். மாட்டியபின் அளந்தால் இடப்பக்கம் 0.03, வலப்பக்கம் 0.02.

வாலாஜா தம்பி

அப்படியானால் எல்லோரும் புது டிஸ்க் வாங்காமல் கடைசல் பிடித்துக்கொண்டே போகலாமா, ஐயா?

சத்துவாச்சாரி லேத்

இல்லை, தம்பி. ஒவ்வொரு டிஸ்க்கிலும் குறைந்தபட்சக் கனம் எவ்வளவு என்று அதன் மேலேயே பொறித்திருப்பார்கள், துருவைத் துடைத்தால் தெரியும். கடைந்த பிறகு அதற்கு மேல் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும், ஏனென்றால் ஓடும்போது இன்னும் தேயும். மெலிந்த டிஸ்க் சூட்டை வாங்கிவைக்க இயலாமல் சீக்கிரம் கொதிக்கும். அந்த அளவுக்கு வந்துவிட்ட டிஸ்க்கைக் கடையச் சொல்லி யார் கொண்டுவந்தாலும் நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். லேத்திலும் டிஸ்க்கைப் பிடிக்கும் சக் சுத்தமாக இல்லாவிட்டால், கடைசலே கோணலாகப் போகும். கடைந்து வாங்கியவர்கள் மாட்டியபின் டயல் கேஜ் வைத்துக் காட்டும்படி கேட்பதில் தவறே இல்லை.

விருதம்பட்டு நண்பருக்கு நேற்று அவசரத்தில் சொல்லாமல் விட்டது ஒன்று. பேடின் மேற்பரப்பைச் சமமான பலகையில் விரித்த உப்புத்தாளில் தேய்த்துத்தான் போட்டிருக்கிறோம். இனி அது புது முகத்தோடு பழக வேண்டும். காலியான சாலையில் 60-லிருந்து 15 வரை, நடுத்தர அழுத்தத்தில், பத்து முறை வேகத்தைக் குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை கிலோமீட்டராவது ஓட்டி ஆறவிடுங்கள். இந்தப் பத்தில் ஒருமுறைகூட முழுமையாக நிறுத்த வேண்டாம்.

அணைக்கட்டு

டயர் கடையில் ஏர் கன் வைத்து நட்டு அடிப்பதாலும் இது வருமா? எங்கள் பக்கம் எல்லாக் கடையிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

சத்துவாச்சாரி லேத்

வரும். ஒரு நட்டு மிக இறுக்கமாகவும் அடுத்தது தளர்வாகவும் இருந்தால் டிஸ்க்கின் நடுப்பகுதி ஹப்பின் மேல் சமமாக அழுந்தாது. சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரைதான் இறுக்கம் சொல்கிறார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான எண் இருக்கும். 40 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 25 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் ஏறத்தாழ 100 வந்துவிடும். அதே ஸ்பேனரின் மேல் 65 கிலோ உள்ளவர் ஏறி நின்றால் 250-ஐத் தாண்டும். கடையில் கன்னால் சும்மா ஓட்டிவிட்டு, கடைசி இறுக்கத்தைக் கையால், எதிரெதிர் நட்டாக, இரண்டு சுற்றில் செய்யச் சொல்லுங்கள். மறுத்தால் வீட்டுக்கு வந்து நீங்களே தளர்த்தி மறுபடி இறுக்குங்கள், கால் மணி நேர வேலை.

குடியாத்தம் ஆசிரியை

பள்ளிக்குப் பக்கத்து டயர் கடையில் இன்று இதைச் சொன்னேன். முதலில் முகம் சுளித்தார், பிறகு செய்து கொடுத்தார். என் நட்டுகளில் ஒன்றைக் கழற்ற இரண்டு பேர் தொங்க வேண்டியிருந்தது. பாதி வழியில் பஞ்சர் ஆகியிருந்தால் நான் தனியாக என்ன செய்திருப்பேன் என்று அப்போதுதான் தோன்றியது.

விருதம்பட்டு

மூன்று மாதங்கள் கழித்து எழுதுகிறேன். வண்டி 5,200 கிலோமீட்டர் ஓடிவிட்டது; சென்ற முறை உதறல் திரும்பி வந்த எல்லையைத் தாண்டியாயிற்று. பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு முன்னால் ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில், அதே வேகத்திலிருந்து பிரேக் பிடித்துப் பார்க்கிறேன். ஸ்டியரிங் அசையவில்லை. நடுவில் ஒரு டயர் மாற்ற வேண்டி வந்தது. நான் அருகில் நின்று நட்டுகளைக் கையால் இறுக்கச் சொன்னேன்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கடைசல் கூலி, சறுக்குப் பின்னின் ரப்பர், கிரீஸ் எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய். லேத் ஐயா வருகிற மாதம் மறுபடியும் டயல் கேஜ் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அந்த அளவுகளையும் இங்கேயே பதிவு செய்கிறேன்.